வட்ட முத்திரைக் கடிதம்

முப்பத்து நாலு வருஷமாக நான் பிராங்பேர்ட் விமான நிலையத்துக்கு ஒளித்துத் திரிந்தவன். ரொறன்ரோவிலிருந்து ஊருக்குப் போகிற சனத்தில் பாதி அதற்குள்ளால்தான் போய்வரும். நான் மட்டும் டோகாவில் ஒன்பது மணித்தியாலம், இஸ்தான்புல்லில் பதினொரு மணித்தியாலம் என்று இரும்புக் கதிரைகளில் கிடந்து முதுகை முறித்துக்கொள்வேன். மனைவி காரணம் கேட்டால், "பிராங்பேர்ட்டிலை தேத்தண்ணி வாயிலை வைக்கேலாது" என்பேன்.

"தேத்தண்ணிக்காகவோ ஆக்கள் உலகத்தைச் சுத்திறது? உங்களுக்கென்ன விசரோ?"

"ஓம், விசர்தான். பேசாமல் வாரும்!" என்று பாய்வேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அதற்குக் கொஞ்சம் உள்ளே பயம் இருந்ததை அவளுக்கு நான் சொன்னதே இல்லை.

உண்மையான காரணம் ஒரு கடிதம். ரொறன்ரோ மில்லிக்கனில் எங்கள் வீட்டு அலுமாரியில், மகளின் பிறப்புப் பத்திரத்துக்கும் வீட்டு உறுதிக்கும் அடியில், ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் அது கிடந்தது.

பேர்லின் சுவர் இடிந்த கையோடு ஜேர்மனிக்குப் போய்ச் சேர்ந்தவன் நான். கிழக்குப் பக்கத்தில், எல்ப ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊரின் அகதிகள் விடுதியில் போட்டார்கள். வேலை செய்யக் கூடாது. மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டுவதென்றால் கந்தோரில் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். வெயில் நாட்களில் மேல்மாடி யன்னலால் பார்த்தால் தூரத்தில் பாறைகளின் தலைகள் தெரியும். அவை அடுத்த மாவட்டத்துப் பாறைகள். பதினொரு மாதம் வேறு வேலையில்லாமல் அவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமைகளில் பக்கத்துச் சேர்ச்சிலிருந்து ஓர் அம்மா வந்து எங்களுக்கு டொச், அதுதான் ஜேர்மன் மொழி, படிப்பிப்பார். ஒருநாள் அவரிடம் யன்னலுக்கு வெளியே கையைக் காட்டி, அது என்ன என்று கேட்டேன். அவர் சந்தோஷப்பட்டு நிறையச் சொன்னார். எனக்கு ஓர் இழவும் விளங்கவில்லை. பிறகு என் பெயரைக் கேட்டுக் கொப்பியில் எழுதிக்கொண்டு போனார். குளிருக்குக் கம்பளி தரப்போகிறார் என்று நினைத்தேன்.

வந்தது கடிதம். டைப் அடித்த என் பெயருக்குக் கீழே கோடு, அடியில் வட்ட முத்திரை. என் அறையில் இருந்தவர் என்னைவிட எட்டு வயது மூத்தவர், அண்ணை என்று கூப்பிடுவேன். ஆறு மாதம் முந்தி வந்தவர் என்பதால் அறையின் டொச் பண்டிதர் அவர்தான். கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு தரம் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது.

"தம்பி, உது திருப்பி அனுப்பிற கடிதம். இஞ்சை பார், உன்ரை பேர். இது திகதி, வாற சனிக்கிழமை. இது நேரம், காலமை எட்டு மணி. எட்டு மணிக்கு வந்து உன்னை ஏத்துவாங்கள்."

இரண்டு கிழமைக்கு முந்தித்தான் பக்கத்து அறைப் பெடியன் ஒருவனை அப்படி விடியவே வந்து ஏற்றிப் போனார்கள். அவனுடைய ஒற்றைச் செருப்பு படியிலேயே கிடந்தது. நான் அண்ணையை நம்பாமல் வேறு யாரை நம்புவது? புதன்கிழமை விடுதியை விட்டு ஓடினேன். பிறகு ஏஜென்ற், இன்னொருவரின் பாஸ்போட், பார்க்டேலில் ஆறு பேருக்கு ஓர் அறை. ரொறன்ரோவில் பாதிப் பேரின் கதை அது, சொல்லி உங்களை அலுப்பிக்க மாட்டேன்.

கடிதத்தை எரிக்கப் பயம், அதுவும் ஒரு குற்றமாகிவிடுமோ என்று. யாரிடமாவது கொடுத்து வாசிப்பிக்கவும் பயம், வாசித்தவனுக்கு விஷயம் தெரிந்துவிடுமே. இப்போது போனைப் பிடித்தால் எந்த மொழியையும் தமிழில் காட்டுமாம். போனில் போட்டால் அது எங்கெங்கெல்லாம் போகுமோ! ஆகையால் கிடந்தது கிடந்தபடி கிடந்தது.

அண்ணையும் இரண்டு வருஷத்தில் கனடா வந்து சேர்ந்தார். பிறம்ரனில் ட்ரக் ஓடி இப்போது பென்சனில் இருக்கிறார். எந்தக் கலியாண வீட்டில் கண்டாலும் என்னை ஒரு மூலைக்கு இழுத்துக்கொண்டு போவார்.

"டேய், உன்னை ஆர் காப்பாத்தினது?"

"நீங்கள்தான் அண்ணை."

அதைச் சொன்னால்தான் கையை விடுவார்.

போன வருஷம் மகளுக்கு டிரெஸ்டன் நகரத்தில் ஒரு வருஷ வேலை கிடைத்தது. உலகத்தில் வேறு ஊரே இல்லாததுபோல! "அப்பா, நீங்கள் முந்தி இருந்த இடம் பக்கத்திலைதான். அம்மாவோடை வாங்கோ, ப்ளீஸ்" என்று கிழமைக்குக் கிழமை கேட்டாள். பிரஷர் என்றேன், முழங்கால் என்றேன். கடைசியில் ஒருநாள், "உங்களுக்கு என்னைப் பார்க்க விருப்பமில்லையோ அப்பா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு எப்படிப் போகாமல் இருப்பது?

கடிதத்தை ஜாக்கெற்றின் உள்பொக்கற்றில் வைத்துக்கொண்டு வெளிக்கிட்டேன். பிடிபட்டால், ஒளிக்கவில்லை ஐயா என்று காட்டலாம். ஜெயிலுக்கும் நான் அவ்வளவு பயப்படவில்லை. பிள்ளைக்கு முன்னால், அவள் பார்த்துக்கொண்டிருக்க, என்னைப் பிடித்து ஏற்றுவார்களே, அதை நினைத்துத்தான் நித்திரை போனது.

பிராங்பேர்ட்டில் இப்போது ஒரு புது மெஷின் வைத்திருக்கிறார்கள். நாலு விரல்களைக் கண்ணாடியில் வைக்கச் சொன்னது. அந்தக் காலத்தில் மையில் தோய்த்து எடுத்த அதே விரல்கள். "என்னப்பா இப்பிடி வேர்க்குது?" என்றாள் மனைவி. பச்சை வெளிச்சம் எரிந்தது. அதிகாரி என் முகத்தைக்கூட வடிவாகப் பார்க்காமல் பாஸ்போட்டைத் தள்ளினார். எனக்கு நிம்மதி வரவில்லை. விட்டுப் பிடிக்கப் பார்க்கிறாங்கள் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மகள் எங்களைப் பாறைகளைப் பார்க்கக் கூட்டிப்போனாள். இப்போது அது தேசியப் பூங்கா. சாக்சன் சுவிற்சர்லாந்து என்று பெயர். "ஜேர்மனிக்குள்ளையும் ஒரு சுவிசோ?" என்று மனைவி கேட்டாள். காட்டுக்குள்ளால் நடந்துகொண்டே இருந்தோம். திடீரென்று நிலம் முடிந்துவிட்டது. கீழே, தலை சுற்றும் ஆழத்தில், ஆறு வளைந்து ஓடியது. மரங்களுக்குள்ளிருந்து மணல் நிறப் பாறைகள் தனித்தனியாக எழும்பி நின்றன, பாண் துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியதுபோல. பாறைக்குப் பாறை ஒரு பழைய கல்லுப் பாலம். அதன் மேல் குழந்தை குட்டிகளோடு சனம். "உங்கட பழைய ஊர் அந்தப் பக்கம் அப்பா" என்று மகள் ஆற்றின் வளைவைக் காட்டினாள். யன்னலால் தலையை மட்டும் காட்டிக்கொண்டிருந்தவை இவ்வளவு உயரமோ என்று வாயைப் பிளந்து நின்றேன்.

மகள் படம் எடுக்கப் பாலத்துக்குப் போனாள். மனைவி சாப்பிட இடம் தேடினாள். கயிறு கட்டிய இடத்துக்கு அப்பால் நல்ல தட்டையான பாறை ஒன்று இருந்தது. "பாறைக்குமோ கயிறு கட்டுவினம்!" என்றபடி கயிற்றைத் தாண்டிப் போய் இருந்து, காலையில் பொரித்த மீன் ரோல்ஸை எடுத்து வைத்தாள். நானும் போய்ப் பக்கத்தில் இருந்தேன். ஒரு கடி கடித்திருப்பேன்.

பச்சைச் சட்டை, தொப்பி, தோளில் வோக்கி டோக்கி. ஒருவர் எங்களை நோக்கி நேரே வந்துகொண்டிருந்தார். அவ்வளவுதான், கதை முடிந்தது என்று நினைத்தேன். அவர் கையைத் தூக்கி ஏதோ சொல்லத் தொடங்கினார். சொல்லி முடிக்க விடாமல் எழும்பி, கடிதத்தை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினேன்.

"ஐ ஆம் சொறி" என்றேன். முப்பத்து நாலு வருஷத்துக்கும் சேர்த்துச் சொன்ன சொறி அது.

மனைவி ரோல்ஸும் கையுமாக என்னைப் பார்த்தாள். அந்த ஆள் கடிதத்தை வாசித்தார். திருப்பிப் பார்த்தார். திரும்பவும் வாசித்தார். இதற்குள் மகள் ஓடி வந்துவிட்டாள். அவர் அவளிடம் கடிதத்தைக் காட்டிப் பேசினார். அவள் வாசித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்பா, வட் இஸ் திஸ்? இதை எங்கை வைச்சிருந்தனீங்கள்?"

"என்னைத் திருப்பி அனுப்பிற கடிதம், பிள்ளை. அதுக்குத்தான் அப்பா இஞ்சையிருந்து ஓடினனான்."

"இல்லை அப்பா. இது பெர்மிஷன்." ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். "இந்த ஆள், சனிக்கிழமை, சேர்ச் ஆக்களோடை பஸ்ஸிலை இந்தப் பாறைகளைப் பார்க்கப் போகலாம். காலமை எட்டு மணிக்கு வெளிக்கிடலாம். இரவு எட்டு மணிக்குள்ளை திரும்பி வரவேணும். தட்ஸ் இற் அப்பா. வேறை ஒண்டும் இல்லை."

அந்தப் பூங்காக் காவலர் சிரித்துக்கொண்டு இன்னும் ஏதோ சொன்னார். முத்திரை போட்ட அந்த மாவட்டமே இப்போது இல்லையாம், வேறொன்றோடு சேர்த்துவிட்டார்களாம். என்னுடைய அனுமதி சரியாம். ஆனால் கயிற்றுக்கு இந்தப் பக்கம் வர யாருக்கும் அனுமதி இல்லையாம், தயவுசெய்து பாதைக்குப் போகட்டாம்.

எனக்கு முதலில் வந்தது கோபம். யார் மேல் என்று தெரியாத கோபம். அது இரண்டு நிமிஷமும் நிற்கவில்லை. பாதையோர வாங்கில் போய் இருந்து சிரிக்கத் தொடங்கினேன். சிரித்தபடியே அழுதேன். என்னைத் தேட ஒருவரும் இல்லை. ஒருநாளும் ஒருவரும் தேடியதும் இல்லை. மூச்சு வயிறு வரைக்கும் போய் வந்தது.

"தேத்தண்ணி சரியில்லையாம், தேத்தண்ணி!" மனைவி என் தோளில் இரண்டு அடி போட்டாள். அவளுடைய கண்ணும் கலங்கியிருந்தது. "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் எண்டது சரியாத்தான் இருக்கு. என்னட்டையாவது சொல்லியிருக்கலாமே, மனிசா!" பிறகு ரோல்ஸ் பெட்டியை மடியில் தந்தாள். "கெதியாச் சாப்பிடுங்கோ. எட்டு மணிக்குள்ளை திரும்ப வேணுமாம்."

நாலு ரோல்ஸ் சாப்பிட்டேன். பாலத்தில் இரண்டு தரம் போய் வந்தேன். திரும்பும்போது பிராங்பேர்ட்டில் வேண்டுமென்றே ஒரு தேத்தண்ணி வாங்கிக் குடித்தேன். உண்மையாகவே நல்லாயில்லை.

ரொறன்ரோவில் எங்களை ஏற்ற அண்ணைதான் வந்திருந்தார். "என்ன தம்பி, உன்னை அங்கை ஒருத்தரும் பிடிக்கேல்லையோ?" என்று காதுக்குள் கேட்டார். காரில் எல்லாவற்றையும் சொன்னேன். கோபிப்பார், தான் வாசித்தது சரிதான் என்று சண்டை பிடிப்பார் என்று நினைத்தேன். மில்லிக்கன் வரும்வரைக்கும் அவர் றோட்டைப் பார்த்தே காரை ஓட்டினார். பெட்டிகளை இறக்கி வைத்த பிறகுதான் மெல்லச் சொன்னார்.

"உனக்கு ரெண்டாவது கடிதமும் ஒண்டு வந்தது தம்பி. நீ போய் ஒரு கிழமையிலை. கையெழுத்திலை இருந்தது. வாரண்ட் எண்டு நினைச்சன். நீ பயந்திடுவாய் எண்டு காட்டேல்லை. ஆற்றையும் கையிலை கிடைக்கக் கூடாதெண்டு என்னோடையே கொண்டு வந்திட்டன்."

அடுத்தநாள் காலை பிறம்ரனிலிருந்து அதைக் கொண்டு வந்தார். அவரும் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள்தான் வைத்திருந்தார். படம் எடுத்து மகளுக்கு அனுப்பினோம். கொஞ்ச நேரத்தில் அவள் கூப்பிட்டாள். போனை மேசையில் வைத்து மூன்று பேரும் கேட்டோம்.

டொச் படிப்பித்த அம்மா எழுதியது. "சனிக்கிழமை உங்களுக்காக பஸ் எட்டரை மட்டும் நிண்டது. நீங்கள் வரேல்லை. சுகமில்லையோ எண்டு யோசிச்சன். யன்னல் பக்கத்துச் சீற்றை உங்களுக்கெண்டு வைச்சிருந்தன். பறவாயில்லை, வசந்த காலத்திலை திரும்பவும் போவம். அப்ப கட்டாயம் வாங்கோ."

அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அரை மணித்தியாலம் நிண்டதாமோ?" என்றார்.

"ஓம் அண்ணை."

அவர் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த பஸ்ஸில் நான் ஏறியிருந்தால் இந்த மேசை, இந்த மனைவி, போனுக்குள் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கும் இந்தப் பிள்ளை, ஒன்றும் எனக்கு இல்லை. பிழையாக வாசித்தவரும் அவர்தான். எனக்கு வந்த பயத்தில் பாதியை இத்தனை வருஷம் தன் வீட்டில் ஒளித்து வைத்திருந்தவரும் அவர்தான். வழக்கமாகக் கேட்கிற கேள்வியை அன்றைக்கு அவர் கேட்கவில்லை. நானாகவே அவர் கையைப் பிடித்துச் சொன்னேன்.

"என்னைக் காப்பாத்தினது நீங்கள்தான் அண்ணை."