கரிக்கோச்சியின் படத்தில் விழக்கூடாதவர்கள்

பழைய நீராவி எஞ்சினை நேசிக்கிறவர்களோடு நான் சில மாதங்கள் வேலை செய்தேன். எஞ்சினை அவர்கள் நேசித்தார்கள் என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. அதற்குள் ஏறி உட்காரும் மனிதர்கள்தான் அவர்களுக்குப் பெரிய இடைஞ்சல்.

கொழும்பிலிருந்து வந்த ஒரு சங்கம் அது. நிலக்கரியில் ஓடிய எஞ்சின் ஒன்றைத் திருத்தி, பழைய பெட்டிகள் மூன்றைக் கொழுவி, பாடசாலை விடுமுறைகளில் மட்டக்களப்பிலிருந்து வாழைச்சேனைக்கு ஓட்டிக் காட்டுவது திட்டம். எங்கள் பக்கத்தில் அதைக் கரிக்கோச்சி என்பார்கள். அதுவரை வேறு பாதைகளில் அவர்கள் நடத்திய ஓட்டங்களுக்கு வந்தவர்கள் எல்லாரும் அவர்களைப் போன்றவர்களே. கழுத்தில் ஒரு கமரா, தோளில் இன்னொன்று, வாயில் சில்லுகளின் அளவும் கொதிகலனின் வயதும். இப்படிப்பட்ட ஆட்கள் நாடு முழுவதும் தேடினாலும் ஒரு பெட்டியை நிரப்பக் காணாது. பொதுமக்கள் வராவிட்டால் இனி அனுமதி இல்லை என்று புகையிரதத் திணைக்கள மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். ஆகவே பொதுமக்களைப் பிடித்துக்கொண்டு வர அவர்களுக்கு ஒருவன் தேவைப்பட்டான்.

அந்த ஒருவன் நான். அப்பா வாவியில் வலை வீசுகிறவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாகக் கண்டவனும், அதற்கு அப்பால் பல்கலைக்கழகத்துக்குப் போனவனும் நான் மட்டுமே. பட்டத்தை வாங்கி வைத்துக்கொண்டு நெடுநாள் வீட்டில் இருந்த பிறகு கிடைத்த வேலை இது. எங்கள் பாதையின் முதல் ஓட்டத்தில் பெட்டிகள் நிறைந்து கோச்சி தொடர்ந்து ஓடினால் எனக்கு வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் எஞ்சின் கொழும்புக்கு, நான் வீட்டுக்கு.

பொதுமக்களை எப்படி ஈர்ப்பது என்று ஆராய வாவிக்கரை விடுதி ஒன்றில் கூட்டம் வைத்தார்கள். குளிரூட்டிய அறை. சங்கத்தின் தலைவர் ஓய்வு பெற்ற பொறியியலாளர், நல்ல தமிழர், என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். கொதிகலனின் குறுக்குவெட்டு வரைபடத்தைப் பெரிதாக அடித்து ஒவ்வொரு பெட்டியிலும் ஒட்டலாம் என்றார் ஒருவர். எஞ்சின் பற்றி வினாவிடைப் போட்டி வைக்கலாம் என்றார் இன்னொருவர். எல்லாரும் தலையாட்டினார்கள். ஆட்களுக்கு என்ன பிடிக்கும் என்று அந்த அறையில் ஒருவரும் வாய் திறந்து கேட்கவில்லை. கேட்காமலே எனக்குத் தெரிந்ததை எழுதிக்கொண்டு போய் வாசித்தேன். குடிக்கத் தண்ணீர், பெண்களுக்குக் கழிப்பறை, இறங்கி இருக்க நிழல், கொண்டுவந்ததை உட்கார்ந்து சாப்பிட ஓர் இடம், பிள்ளைகள் ஒருதரம் விசிலை இழுத்துப் பார்க்க அனுமதி.

"விசிலில கை வைக்க விடுறதா?" என்றார் தலைவர், நான் அவருடைய சட்டைப்பையில் கை வைத்ததைப் போல. "தம்பி, இது மரபுரிமை. பிக்னிக் இல்லை."

"பிக்னிக் எண்டாத்தான் சேர் வருவாங்க."

"சரி, சாப்பாடு கொண்டு வரட்டும். ஆனா பெட்டிக்குள்ள பிரிக்கக் கூடாது. காட் பெட்டியில வைக்கலாம். வழியில ஒரு வட்டைக்குள்ள படம் எடுக்க நிப்பாட்டுவம். அங்க இறங்கலாம்."

காட் பெட்டி என்றால் கடைசியில் கார்டு வரும் பெட்டி, வட்டை என்றால் எங்கள் பக்கத்தில் வயல்வெளி. வயலுக்கு நடுவில் கோச்சி நிற்கும், இறங்கிப் படம் எடுக்கலாம். இதைவிட ஆட்களுக்குச் சொல்ல நல்ல செய்தி வேறு என்ன இருக்கிறது? வீடு வீடாக அதைத்தான் சொல்லிக்கொண்டு போனேன்.

பக்கத்து வளவில் இருக்கும் மாமி, அப்பாவின் தங்கை, என்னை லேசில் விடவில்லை.

"வாழைச்சேனைக்குப் போய்?"

"திரும்பி வரும் மாமி."

"மறுகா?"

"அவ்வளவுதான்."

"போறதுக்கு ஒரு இடம் இல்லாம ஒரு கோச்சியா? பஸ்சில போனா சுறுக்காப் போயிரலாமே மனே."

"நடுவில வட்டைக்குள்ள நிப்பாட்டுவாங்க. கோச்சியோட நிண்டு படம் எடுக்கலாம்."

"மரம் இரிக்கா?"

"இரிக்கு."

"அப்ப வாறன். பாய் கொண்டு வாறன்."

மரம், பாய், சாப்பாடு. எங்கள் ஆட்கள் ஒரு பயணத்தை அளக்கும் அளவு இதுதான். கொதிகலனின் அழுத்தத்தால் அளப்பதை விட இது எவ்வளவோ புத்தியுள்ள அளவு என்று இன்றைக்கும் சொல்வேன். ஏறாவூரில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன் ஒருவர், நாங்கள் காக்கா என்று கூப்பிடுகிறவர், தன் மனைவி, பிள்ளைகள், மச்சினன் குடும்பம் என்று கிட்டத்தட்ட அரைப் பெட்டியை நிரப்பித் தந்தார். படம் எடுப்பார்கள் என்று பிள்ளைகளுக்குப் பெருநாள் உடுப்பைப் போட்டுக் கூட்டி வந்திருந்தார். என் அம்மா என்னுடைய பட்டமளிப்புக்குக் கட்டிய சாறியைக் கட்டினார். எல்லாரும் கை வைக்க வேண்டும் என்று மீனும் இறைச்சியும் இல்லாமல் ஒரு பெரிய சட்டி நிறையப் புளிச்சோறு கிண்டி எடுத்து வந்தார்.

பெட்டிகள் நிறைந்துதான் புறப்பட்டோம். அதை எழுதி வைக்க வேண்டும், ஏனென்றால் பிறகு சங்கத்தார் பெட்டிகள் நிறையவில்லை என்றார்கள். புகையிரத நிலையத்திலிருந்தே ஒலிபெருக்கியில் விளக்கவுரை தொடங்கியது. எஞ்சின் எந்த நாட்டில் வார்க்கப்பட்டது, அதன் உந்துதண்டு எத்தகையது என்று ஆங்கிலத்தில் ஒருவர் சொல்லிக்கொண்டே வந்தார். சன்னலோரம் இருந்த பிள்ளைகள் வாவியைப் பார்த்தார்கள், கையில் படிந்த கரியைப் பார்த்துச் சிரித்தார்கள். விளக்கவுரைக்காரர் ஒலியைக் கூட்டினார்.

சித்தாண்டி தாண்டி ஒரு வட்டைக்குள் கோச்சி நின்றது. அறுவடை முடிந்த வயல், கச்சான் என்கிற கோடைக் காற்று நெருப்பாக அடித்தது. தண்டவாளத்துக்குப் பக்கத்தில் வாய்க்கால், வாய்க்கால் கரையில் தனியாக ஒரு மருத மரம். அந்த வெளி முழுவதற்கும் இருந்த ஒரே நிழல் அதுதான். எங்கள் ஆட்கள் யாரையும் கேட்கவில்லை. பாய் விழுந்தது, காட் பெட்டியிலிருந்து சட்டி இறங்கியது, தேங்காய்ச் சம்பல் டப்பா திறந்தது. காக்காவின் பிள்ளைகள் எஞ்சினுக்கு முன்னால் போய் வரிசையாக நின்று, படம் எடுக்கிறவரைத் தேடினார்கள்.

படம் எடுக்கிறவர்கள் இல்லாமல் இல்லை. மறுபக்கத்து வரம்பில் கமரா முக்காலிகளை நட்டு நிற்கத்தான் செய்தார்கள். அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு என்பதை அன்றைக்குத்தான் அறிந்தேன். எல்லாரையும் இறக்கிவிட்டு, கோச்சியை வெறுமையாகப் பின்னால் கொண்டு போய், பிறகு கரும்புகை கக்கிக்கொண்டு வேகமாக ஓடி வரச் செய்வார்கள். அதைப் படம் பிடிப்பார்கள். அந்தப் படத்தில் ஒரு மனிதத் தலை விழுந்தாலும் படம் கெட்டுப்போகும். நிப்பாட்டியது அதற்காக. ஆட்களை அழைத்து வந்து, வெயிலில் இறக்கி, ஒளித்துவைத்துவிட்டு, ஆட்கள் வராத ஒரு கோச்சியைப் படம் பிடிக்கிறார்கள். அந்தப் படத்தைக் காட்டித்தான் அடுத்த முறைக்கு ஆட்களைக் கூப்பிடுவார்கள். இதை யோசித்துச் செய்ய முடியாது, பரம்பரையாகப் பழகியிருக்க வேண்டும்.

வரம்பிலிருந்து கத்தத் தொடங்கினார்கள். பிள்ளைகளை விலகச் சொன்னார்கள், பிறகு மரத்தடியைக் காட்டிக் கையை வீசினார்கள். வெயில் விழும் திசையும் புகை போகும் திசையும் கணக்குப் பார்த்து அவர்கள் தேர்ந்த காட்சியின் நட்டநடுவில் அந்த மரம், அதன் கீழ் என் அம்மாவின் சட்டி.

தலைவர் வியர்த்து வழிய வந்தார். "தம்பி, அந்த ஆட்களை எழுப்புங்க. அந்தப் பெரிய வரம்புக்கு அங்கால போய் இருக்கச் சொல்லுங்க. கொஞ்ச நேரம்தானே."

"அங்க நிழல் இல்லையே சேர். கைப்பிள்ளைகளும் இரிக்கு."

"இதுக்குத்தானே உங்களை வைச்சிருக்கிறம்? இதையும் செய்ய ஏலாதெண்டா நாளைக்கு வரத் தேவையில்லை."

மரத்தடிக்குப் போனேன்.

"என்னவாம்?" என்றார் மாமி, வாயில் சோற்றோடு.

"படத்துக்குள்ள விழுறீங்களாம். வரம்புக்கு அங்கால போய் இரிக்கட்டாம்."



"தம்பி, எங்களப் படம் எடுக்கத்தானே நிப்பாட்டுற எண்டு சொன்னீங்க?" என்றார் காக்கா. கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருக்கலாம்.

மாமி கையை உதறிவிட்டு எஞ்சினைப் பார்த்தார். "ஏன்கா, எங்களப் பாத்தா அதுக்கு வெக்கமாமா? வயசு போன கோச்சி, உடுப்பு மாத்தப் போகுதாக்கும். நாங்க எல்லாரும் கண்ணப் பொத்திக்கொண்டு அங்கால திரும்பி நிக்கட்டா?"

காக்காவின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். பிறகு எல்லாருமே சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. தலைவர் என்னிடம் பேசியபோது அவருடைய முகத்தை அம்மா பார்த்திருந்தார். சட்டியை மூடிவிட்டுப் பாயின் ஓரத்தைச் சுருட்டத் தொடங்கினார்.

"எழும்புங்ககா. இவன்ட வேலைக்குப் பங்கம் வரும்."

மற்றவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். எனக்காக எழும்பவும் தொடங்கினார்கள். காக்கா தன் இளைய மகளைத் தூக்கித் தோளில் போட்டார், பெருநாள் உடுப்போடு. இவ்வளவு காலம் படித்து நான் ஊருக்குச் செய்யப்போகும் முதல் உத்தியோகம், சாப்பிட்டுக்கொண்டிருக்கும் ஆட்களை நிழலிலிருந்து எழுப்புவது.

"இரிங்கம்மா" என்றேன். "ஒருத்தரும் எழும்ப வேணாம்."

"வேலை, மனே?"

"எனக்கும் சோறு போடுங்க."

அம்மா சட்டியை மறுபடி திறந்தார். பாயை விரித்துவிட்டுச் சோறு போட்டார். தலைவர் தூரத்திலிருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், இரண்டாம் முறை கூப்பிடவில்லை. எஞ்சின் புகையைக் கக்கிக்கொண்டு வந்தது. அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. பிள்ளைகள் எழுந்து கையை வீசிக் கூச்சல் போட்டார்கள். எஞ்சினை ஓட்டியவருக்கு அது பிடித்திருக்க வேண்டும், விசிலை விடாமல் இழுத்துக்கொண்டே போனார். வரம்பில் நின்றவர்கள் கமராக்களை இறக்கிவிட்டார்கள். செத்த வீட்டில்கூட அப்படி முகங்களை நான் பார்த்ததில்லை.

சாப்பிட்டு முடித்து எங்கள் ஆட்கள் வயலால் நடந்து பிரதான வீதிக்கு ஏறினார்கள். யாரும் யாரையும் தூண்டவில்லை. முதலில் வந்த பஸ்ஸில் நெருக்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பினோம். கோச்சி எங்களை விட்டுவிட்டு வாழைச்சேனைக்குப் போனது.

அடுத்த வாரம் சங்கம் தந்த அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்க அதே விடுதிக்குப் போனேன். மேலிடத்துக்கு அனுப்பப் படங்களைத் தெரிவுசெய்துகொண்டிருந்தார்கள். பொதுமக்கள் எப்படித் திரண்டு வருகிறார்கள் என்று காட்டி அனுமதி வாங்குவதற்கான படங்கள்.

"இந்தப் பக்கத்து ஆட்களுக்கு மரபுரிமை விளங்காது" என்றார் தலைவர், யாரிடமென்று இல்லாமல். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க படிச்ச பிள்ளை. உங்களுக்குமா விளங்கேல்ல?"

"எனக்கு நல்லா விளங்கினது சேர்."

அட்டையை மேசையில் வைத்தேன். அவர் கையிலிருந்த படம் வாழைச்சேனைக்குக் கிட்ட எடுத்தது. மாலை வெளிச்சம், நீலத் தண்ணீர், ஒழுங்காகச் சுருண்டு எழும் புகை. பெட்டிகளின் சன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன, ஒன்றிலும் ஒரு தலை இல்லை. இதைவிட நல்ல படம் கிடையாது என்று அதை முதலில் வைத்தார்.