வவுனியாப் பக்கத்துக் குன்றும் கிணற்றடிப் பாலை மரமும்

வவுனியா போனால் ஏறிப் பார்க்க மலை ஏதும் உண்டா என்று மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். இருக்கிறது. மலை என்பது கொஞ்சம் கூடிப்போன சொல். காட்டுக்கு நடுவே ஒரு கற்குன்று. போன மாசியில் ஒரு சனிக்கிழமை, வீட்டில் சும்மா கிடந்து அலுத்துப்போய்க் கிளம்பினேன்.

காலை 6.10க்கு பஸ் நிலையத்தடியில் ஓட்டோ பிடித்தேன். போக வர 58 கிலோமீற்றர். 6,500 ரூபா கேட்டவர் 6,000க்கு இறங்கினார். கடைசி நான்கு கிலோமீற்றர் கிரவல் றோட்டு, இடுப்பு கழன்றுவிடும்.

"மேல ஏறினால் வடிவாத் தெரியும் அண்ணை. ஆமிக் காம்ப் வேலி இருக்கிற பக்கம் மட்டும் கமராவைக் காட்டாதேங்கோ," என்று சொல்லிவிட்டு ஓட்டோக்காரர் கீழேயே நின்றுகொண்டார்.

ஏற நாற்பது நிமிடம். பாறை வழுக்கும், நிழல் கிடையாது. உச்சியில் நின்றால் சுற்றிவரக் காடு, இரண்டு குளம், அப்பால் வயல். அழகுதான், இல்லையென்று சொல்லமாட்டேன்.

எனக்கு முன்னமே அங்கே ஒரு அம்மா இருந்தார். அறுபது தாண்டியிருக்கும். முழங்கால் இரண்டிலும் துணி சுற்றியிருந்தார். வாழையிலையில் சோறும் கத்தரிக்காய்க் கறியும் படைத்துக் கற்பூரம் கொளுத்திக்கொண்டிருந்தார். புருசனுக்குத் திவசமாம். குன்றின் உச்சியிலா என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

"அந்த வேலிக்குள்ளதான் தம்பி எங்கட காணி. உள்ள விடமாட்டினம். சண்டை நேரம் செல்லடிக்குள்ள எரிக்க ஏலாமல் கிணத்தடிப் பாலைக்குக் கீழ அவரைத் தாட்டனாங்கள். இங்கயிருந்து அந்தப் பக்கம் பாத்துப் படைப்பன்."

பிறகு என் கமராவைப் பார்த்தார். "இது கிட்டக் காட்டுமோ? பாலை நிக்குதோ எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ. எனக்குக் கண் வடிவாத் தெரியாது."

ஓட்டோக்காரர் சொன்ன எச்சரிக்கை ஞாபகம் இருந்தும் பார்த்தேன். கிணற்றுக் கட்டு தெரிந்தது. பக்கத்தில் மரமில்லை, சீமெந்துத் தளமும் நீலத் தகரக் கொட்டகையும்தான். ஐயோ, என்ர வாய்! "ஓம் அம்மா, நிக்குது," என்றேன்.

"தழைச்சிருக்கோ?"

"நல்லாத் தழைச்சிருக்கு."

கையெடுத்துக் கும்பிட்டு அழுதார். எனக்கு ஏதோ புண்ணியம் செய்த நினைப்பு.

"போன வருசம் ஒரு பிள்ளை பாத்திட்டு இல்லையெண்டவன்," என்றார் கண்ணைத் துடைத்தபடி. "மரம் இல்லையெண்டால் இனி ஏறாதேங்கோ, வீட்டிலயே ஐயரைக் கூப்பிட்டுச் செய்வம் எண்டு மகள் சொன்னவா. இந்தக் காலோட நானும் இதுதான் கடைசி எண்டுதான் வந்தனான். மரம் நிக்கேக்க எப்பிடி விடுறது? சாகுமட்டும் ஏறுவன்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கையைப் பிடித்து இறக்கிவர ஒரு மணி ஐம்பது நிமிடம் எடுத்தது. இரண்டு இடத்தில் நிற்க முடியாமல் பாறையில் இருந்தபடியே அரக்கி அரக்கி இறங்கினார். ஒவ்வொரு முறையும், "நீங்கள் நல்லா இருக்கவேணும் தம்பி," என்றார்.

போகிறவர்களுக்கு: இரண்டு லீற்றர் தண்ணீர் வேண்டும். வழுக்காத சப்பாத்து வேண்டும். எட்டு மணிக்கு முன் உச்சியை அடைந்துவிடுங்கள். மாசியில் போய் அந்த அம்மாவைக் கண்டால், பாலை மரம் இல்லையென்று சொல்லிவிடுங்கள். கமராவில் பார்த்து "நிக்குது" என்றவன் சொன்னது பொய்யென்றும் சொல்லுங்கள். எனக்கு முகமில்லை.