அவுகளுக்கு ஆகாத சத்தம்

என் மாமனார் போரில் வீரப்பதக்கம் வாங்கியவர். குண்டுகள் விழுந்துகொண்டிருந்த இடத்திலிருந்து, காயம்பட்டுக் கிடந்த இரண்டு பேரைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தவர். அப்படிப்பட்டவர் ஒவ்வொரு தீபாவளிக்கும் விடியுமுன்னே துண்டை எடுத்துக்கொண்டு தென்காசியிலிருந்து குற்றாலத்துக்குப் பஸ் ஏறிவிடுவார். மெயின் அருவியின் இரைச்சலில் வெடிச்சத்தம் காதில் விழாது. ஊர் வெடித்து ஓய்ந்த பிறகுதான் திரும்புவார்.

எங்கள் வீட்டுக்கு எதிரே பலசரக்குக் கடை வைத்திருப்பவருக்கு இது அல்வா சாப்பிட்ட மாதிரி. "மெடல் வாங்குன அண்ணாச்சி ஓலைவெடிக்குப் பயந்து ஓடுதாரு, பாருங்கலே!" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தக் கடையில் காப்பித்தூள் வாங்குவதையே நிறுத்தினேன். மாமாவோ சிரிப்பார்.

"என் பங்குச் சத்தத்தை அங்கனயே கேட்டு முடிச்சிட்டேன் தாயி. இன்னும் எதுக்கு?"

போன வருஷம் தீபாவளிக்குக் கொஞ்ச நாள் முன்பு அவர் காலமானார். மாலை வைக்க வந்த போலீஸ் இன்ஸ்பெக்டர், மயானத்தில் துப்பாக்கி முழங்க மரியாதை செய்யப்போவதாகச் சொன்னார். மயானம் எங்கள் தெருவுக்குக் கேட்கிற தூரம்தான். கேலி பேசிய காதுகளில் நன்றாக விழட்டும் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குள் அத்தை எழுந்து அவரிடம் கைகூப்பினார்.

"சுட வேண்டாம்யா. அவுகளுக்கு அந்தச் சத்தம் ஆகாது."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. கிடைத்த ஒரே வாய்ப்பையும் கெடுக்கிறாரே!

மாமாவைக் கொண்டுபோன பிறகும் காதைத் தீட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றேன். ஒரு சத்தமும் வரவில்லை. துப்பாக்கிகளைத் தாழ்த்தி, எல்லோரும் அசையாமல் நின்றார்கள் என்று என் கணவர் வந்து சொன்னார். கடைக்காரர் அங்கே ஓரமாக நின்று தேம்பினாராம். கேட்டதும் என் கோபம் போன இடம் தெரியவில்லை. அந்த இன்ஸ்பெக்டர் எந்த ஊர்க்காரரோ, நன்றாக இருக்கட்டும்.

தீபாவளி வந்தது. துக்க வீடு, எங்களுக்குப் பண்டிகை கிடையாது. ஆனால் தெருவுக்கு என்ன ஆனது? வெயில் ஏறியும் ஒரு வெடி இல்லை. கடைக்காரர்தான் முந்தின நாளே வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருக்கிறார். விஷயம் தெரிந்ததும் அத்தை வாசலுக்கு வந்து அவரைக் கூப்பிட்டார்.

"பிள்ளைகள வெடிக்கச் சொல்லுங்கய்யா. அவுகளுக்குத்தான் இனிமே கேக்காதே."

"உங்களுக்குக் கேக்கும்லா, ஆச்சி" என்றார் அவர்.

இப்போது காப்பித்தூள் அவர் கடையில்தான் வாங்குகிறேன்.