போர்டில் ஏறியவர்களும் கரையில் நின்றவர்களும்

வளர்ந்த பெண்களுக்கு நிற்கக் கற்றுக்கொடுப்பதுதான் என் தொழில், அதுவும் தண்ணீர்மேல்.

ஆளைவிட நீளமான ஒரு பலகை, கையில் ஒற்றைத் துடுப்பு, உடம்பில் லைஃப் ஜாக்கெட், பலகையையும் கணுக்காலையும் சேர்த்துக் கட்டும் கயிறு. இதற்கு பேடில் போர்டு என்று பெயர். கடற்கரை ஊரில் கற்றுக்கொண்டு, கல்யாணமாகிக் கள்ளக்குறிச்சிக்கு வந்தேன். கடல் இல்லையே என்று கொஞ்ச நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தேன். பிறகு கல்வராயன் மலைமேல் ஒரு ஏரியைப் பார்த்தேன். இப்போது சனி, ஞாயிறுகளில் அங்கே பெண்களுக்கு மட்டும் வகுப்பு எடுக்கிறேன். பெண்களுக்கு ஸ்கூட்டி, நீச்சல், மலையேற்றம் என்று எதையாவது சொல்லிக்கொடுத்துவிட்டு அவர்கள் வீட்டுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருப்பவர்களே, நீங்கள் எல்லாரும் என் கட்சி. மேலே படியுங்கள்.

காவலுக்கு வந்தவர்

வடக்கனந்தல் மல்லிகா அக்கா கற்றுக்கொள்ள வரவில்லை. கல்லூரியில் படிக்கும் மகள் சௌமியாவுக்குக் காவலாக, துண்டும் புளிச்சோறுமாக வந்தார். மரவள்ளிக் காட்டு வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்த கோபம் வேறு. சௌமியா தண்ணீரில் விழும்போதெல்லாம், "போதும் வாடி, வூட்டுக்குப் போவலாம்" என்று கத்திக்கொண்டே ஓரடி உள்ளே இறங்குவார். இப்படியே இறங்கி இறங்கி முழங்காலுக்குமேல் புடவை நனைந்துவிட்டது.

"பாதி நனைஞ்சாச்சுக்கா. மீதியையும் நனைச்சிடலாமா?" என்றேன். ரோட்டைத் திரும்பிப் பார்த்தார். தெரிந்த முகம் எதுவும் இல்லை. மகளின் மாற்றுச் சுடிதாரைப் போட்டுக்கொண்டு வந்து போர்டில் மண்டியிட்டார். எழுந்து நிற்க வெகுநேரம் மறுத்தார். ஒருவழியாக நின்றார், நின்ற வேகத்திலேயே விழுந்தார். இந்தமுறை கரையில் நின்று அலறியது சௌமியா. மூக்கில் ஏறிய தண்ணீரைச் சிந்திவிட்டு, கொண்டை அவிழ்ந்த தலையோடு மல்லிகா அக்கா மகளைப் பார்த்தார்.

"கத்தாதடி! வுழாம எப்டி கத்துக்கிறது?"

நடு ஏரியில்

கருணாபுரம் செல்வி கட்டட வேலைக்குப் போகிறவர். தெருப்பெண்கள் சிலர் சேர்ந்து வேன் பிடித்து மலைக்கு வந்த நாளில் அவரும் வந்தார். நன்றாகவே நின்றார், திருப்பினார், துடுப்புப் போட்டார். ஏரியின் நடுப்பகுதிக்குப் போனதும் சட்டென்று உட்கார்ந்தார். அப்புறம் மல்லாந்து படுத்துவிட்டார். மயக்கமோ என்று எனக்கு உயிரே போய்விட்டது. என் போர்டை விரட்டிக்கொண்டு போனேன்.

கிட்டே போனால், துடுப்பை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி கிடக்கிறார். "இன்னா செல்வி, உடம்புக்கு முடியலியா?" என்று கேட்டேன். என்னைப் பார்க்காமலே பதில் சொன்னார்.

"வூட்ல படுத்தா எழுப்ப ஆளு வந்துகினே இருக்கும். இங்க வந்தது நீங்க ஒருத்தர்தான், நீங்களும் கொஞ்சம் அப்பால போங்க மேடம்."

செல்போன்கள்

போர்டைவிட எனக்குப் பெரிய தலைவலி, கரையில் நின்று படம் பிடிக்கிறவர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சுற்றுலா வந்த ஆண்கள் கூட்டம் ஒன்று செல்போனை நீட்டிக்கொண்டு நின்றது. என் மாணவிகள் ஒவ்வொருவராகக் குனிந்து உட்கார ஆரம்பித்தார்கள். நான் போய்ச் சண்டை போடுவதற்குள், திருக்கோவிலூர் கோகிலா டீச்சர் போர்டை நேராக அவர்கள் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். வகுப்பில் கடைசி பெஞ்சைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை.

"எடுத்தத அழிங்க. நான் பாக்கணும்" என்றார். அழித்தார்கள். அதில் ஒருவன் மட்டும், "நின்னுகினு போறது இன்னா பெரிய விஷயமா?" என்று முணுமுணுத்தான். டீச்சர் இறங்கி, லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றி அவனிடமே நீட்டினார். கூட்டாளிகள் விடவில்லை, ஏற்றிவிட்டார்கள். நிமிர்வதற்குள் தொபுக்கடீர். உட்கார்ந்திருந்த என் பெண்கள் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். டீச்சர் துளிகூடச் சிரிக்கவில்லை.

"போனு நனஞ்சிடிச்சி பாருங்க தம்பி, அத கரையில வெச்சிட்டு வந்து மறுபடி ஏறுங்க."

காற்று

ஜெனிபர் பிளஸ் டூ மாணவி. அவள் வகுப்புக்கு வருவது அம்மாவுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சேர்த்திருக்க மாட்டேன். அப்பா ஆரோக்கியம் ரைஸ் மில்லில் மேஸ்திரி. யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு, பைக்கை எடுத்துக்கொண்டு மலையேறி வந்துவிட்டார். அவர் வந்து சேர்ந்த நேரமாகப் பார்த்து மலைப்பக்கமிருந்து காற்றுத் திரும்பியது. மற்றவர்களை விசில் ஊதிக் கரைக்கு அழைத்துவிட்டேன். ஜெனிபர் மட்டும் தள்ளிப் போயிருந்தாள். காற்றில் போர்டு சுழன்றது, விழுந்தாள். துடுப்பு கை நழுவி ஒருபக்கம் போனது.

"ஐயோ, எம்பொண்ணு!" என்று ஆரோக்கியம் செருப்போடு தண்ணீரில் இறங்கினார். நீச்சல் தெரியாது. "அவள நான் பாத்துக்கறேன், நீங்க நில்லுங்க" என்று கத்திவிட்டு நான் பாய்ந்தேன். ஆனால் ஜெனிபர் நான் சொல்லிக்கொடுத்ததை மறக்கவில்லை. காலில் கட்டிய கயிற்றைப் பிடித்து போர்டை இழுத்தாள், மேலே ஏறிக் குப்புறப் படுத்தாள், கையாலேயே தண்ணீரைத் தள்ளித் துடுப்பை எட்டிப் பிடித்தாள். நான் இழுத்துப்போகக் கயிறு நீட்டியபோது, "வேணாம் மேடம், கூடவே மட்டும் வாங்க" என்றாள். மண்டியிட்டபடி, காற்றை எதிர்த்து, மூச்சு வாங்க வாங்கக் கரைக்கு வந்து சேர்ந்தாள்.

இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்த ஆரோக்கியம் போர்டின் முனையைப் பிடித்துக்கொண்டார். அடிப்பார் என்று ஜெனிபர் கண்ணை மூடிக்கொண்டாள். திட்டு எனக்குத்தான் என்று நான் தயாராக நின்றேன். அவர் மகளின் ஈரத் தலையைத் தடவிக் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சைக்கிள்ல டவுனுக்குப் போவவே நான் இவள வுடலியே, மேடம்."

ஆக மொத்தம், நீச்சலே தெரியாத பெண்ணைக்கூட ஒரே நாளில் போர்டில் நிற்க வைத்துவிடலாம், அவளைச் சேர்ந்தவர்கள் கரையில் சும்மா நிற்பதற்குத்தான் நீண்ட காலப் பயிற்சி தேவைப்படுகிறது.