ஐஸ் பெட்டிக்காரம்மா

தொண்ணூறுகளில் ஒரு சித்திரை மாதம். மேட்டுப்பாளையம் பஸ்ஸில் கைக்குழந்தையோடு இருந்த என் பக்கத்தில் ஒரு கிராம நர்சம்மா. மடியில் தடுப்பூசி மருந்து வைத்த ஐஸ் பெட்டி. பஸ் திரும்பும்போதெல்லாம் வெயில் படாமல் முந்தானையால் அதை மறைத்தபடியே வந்தார்.

பஸ் பாக்குத் தோப்பு நிழலில் போகையில் கண்ணயர்ந்தேன். விழித்தபோது, என் கையிலிருந்து நழுவவிருந்த குழந்தையும் அவர் மடியில் இருந்தது.

“ஊசியெல்லாம் போட்டாச்சா கண்ணு?”

“மொத ஊசிக்கே காய்ச்சலுங்க. ரெண்டு நாள் கூலிக்குப் போகலீங்க. ஊட்ல இனி வேண்டாம்னுட்டாங்க.”

அவர் திட்டவில்லை. என் கையை எடுத்துப் பெட்டியின் மேல் வைத்தார்.

“இந்தக் குளிரு சாயந்தரம் வரைக்குந்தான் தாங்கும். அடுத்த ஊர்லதான் ஊசி போடறேன்.”

குழந்தையை என்னிடம் தந்துவிட்டு இறங்கினார். என் ஊர் நான்கு நிறுத்தம் தள்ளி இருந்தது. அவர் பின்னால் நான் எப்போது இறங்கினேன் என்பது மட்டும் இன்றுவரை நினைவில்லை. உள்ளங்கை சில்லென்று இருந்தது.