சைலன்சருக்கு அடித்த சில்வர் பெயிண்ட்

போன செவ்வாய்க்கிழமை காலை, ஆலங்குடி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு வெள்ளைக் கார் புகைந்துகொண்டு நின்றதை யாராவது பார்த்திருந்தால்... அது என் அக்காவின் கார். புகைக்குக் காரணம் — அடியேன்.

"ஏங்க, வண்டி அடியில பத்திக்கிட்டு எரியுதுங்க!" என்று டீக்கடையிலிருந்து ஒருத்தர் கத்தினார். இன்னொரு புண்ணியவான் தண்ணீர் வாளியோடு ஓடி வந்தார். நான் இறங்கி, "ஒண்ணும் இல்லீங்க... பெயிண்ட்... புதுப் பெயிண்ட்..." என்று அசடு வழிந்தேன்.

ஓட்டிக்கொண்டிருந்த அக்கா ஸ்டியரிங்கை விடாமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அறுபத்து மூணு வயசு அக்கா, அறுபது வயசுத் தம்பியை அப்படிப் பார்த்தால் தம்பிக்கு வயசு ஆறாகிவிடும்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அக்காவுக்குக் கீரமங்கலம். அத்தான் தவறி மூணு வருஷம் ஆகிறது. வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மல்லிகை, கொஞ்சம் கனகாம்பரம். தினமும் காலையில் பறித்த பூவைக் கூடையோடு பின் சீட்டில் வைத்து, தானே காரை ஓட்டிக்கொண்டு பூ மார்க்கெட்டுக்குப் போவாள். அந்தக் காரில் ஏறினால் பெட்ரோல் வாடையே வராது.

மகன் கண்ணன் சென்னையில் இருக்கிறான். நல்ல பிள்ளை. அம்மா தனியாக இருக்கிறாளே, இந்த வயசில் கார் வேறு ஓட்டுகிறாளே என்று அவனுக்கு ஓயாத கவலை. வா, வா என்று கூப்பிட்டு அலுத்துப்போய், கடைசியில் ஒரு கண்டிஷன் போட்டான். காருக்குப் பதினைந்து வருஷம் முடியப்போகிறது. வண்டி ரோட்டில் ஓடத் தகுதிதானா என்று எஃப்.சி. காட்டிப் பாஸாகிவிட்டால் இன்னும் அஞ்சு வருஷம் ஓட்டிக்கொள்ளலாம். ஆகாவிட்டால் — காரை விற்றுவிட்டு, வீட்டைப் பூட்டிவிட்டு, சென்னைக்கு வந்துவிட வேண்டும். அக்காவும் சரியென்று சொல்லிவிட்டாள்!

"பாஸ் ஆகலைன்னா நெசமாவே போயிருவியாக்கா?" என்றேன்.

"புள்ளைகிட்ட சொல்லிட்டேனேப்பா..." அவ்வளவுதான் சொன்னாள். குரல் இறங்கிவிட்டது.

சரி, நாம் இருக்கும்போது அக்கா எப்படி ஃபெயிலாவது? திங்கட்கிழமையே புதுக்கோட்டையிலிருந்து பஸ் ஏறிப் போய்விட்டேன்.

எஃப்.சி.க்குப் போகிற வண்டிகளைப் பார்த்திருக்கிறீர்கள்தானே? வருஷம் முழுக்கச் சேறும் சகதியுமாக ஓடின லாரி, அன்றைக்கு மட்டும் பெயிண்ட் வாடையோடு, டயருக்குக்கூட மை பூசிக்கொண்டு போய் நிற்கும். நானும் அதே ஜாதிதான். காரைக் கழுவினேன். துடைத்தேன். பாலிஷ் போட்டேன். பின்பக்கம் குனிந்து பார்த்தால்... சைலன்சர்! திட்டுத் திட்டாகத் துரு. நடுநடுவே பழைய சில்வர் பெயிண்ட் மிச்சம்.

அதைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அது அத்தான் அடித்த பெயிண்ட்.

அத்தான் பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். வருஷா வருஷம் பொங்கலுக்கு முந்தின வாரம் காருக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்துவிடுவார். முதலில் கம்பி பிரஷ், அப்புறம் உப்புத்தாள், அப்புறம் தின்னர் தொட்ட துணி. அதற்கப்புறம்தான் பெயிண்ட். அதுவும் சூடு தாங்கும் ஸ்பெஷல் பெயிண்ட். திருச்சிக்குப் போய் வாங்கி வருவார். மெல்லிசாக ஒரு கோட்டிங், காய்ந்த பிறகு இன்னொன்று. வெளியே கால் இரண்டு மட்டும் தெரியும். அக்கா காபி டம்ளரைத் தரையோடு தரையாக உள்ளே தள்ளிவிடுவாள். நான் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கதை அளந்துகொண்டிருப்பேன். எத்தனை பொங்கல்! அப்போதெல்லாம் அது ஒரு பெரிய விஷயமாகவே தோன்றவில்லை.

ஒரு தடவை கேட்டேன். "யாரு கண்ணுலயும் படாத சாமானுக்கு எதுக்கு அத்தான் இவ்வளவு மெனக்கெடு?"

"ஒங்கக்கா முன்னாடி போறா. பின்னாடி வர்றவன் பாக்க என்னா இருக்கு? இதுதானே மாப்ளே!" என்று உள்ளேயிருந்து சிரித்தார்.

அக்காவுக்கு நாற்பத்தெட்டு வயசில் அவர்தான் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். எதிரே மினி பஸ் வந்தால் அக்கா கண்ணை மூடிக்கொள்வாள். அத்தான் திட்டவே மாட்டார். "கண்ணத் தொற தாயி, பஸ்ஸு போயிருச்சு" என்பார். அப்படி ஒரு மனுஷன்.

அவர் இருந்திருந்தால் இந்தச் சைலன்சரை இப்படி விட்டிருப்பாரா? எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வீட்டு இரும்புக் கேட்டுக்கு அடித்து மிஞ்சின சில்வர் பெயிண்ட் ஒரு டப்பாவில் இருந்தது. எடுத்தேன். தேய்க்கவில்லை, துடைக்கவில்லை... கெட்டியாக ஒரே அப்பு!

"ஏப்பா, அவுக வேற பெயிண்ட்ல அடிப்பாக" என்றாள் அக்கா.

"எல்லாம் சில்வர்தான்க்கா!"

பளபளவென்று ஜொலித்தது. போட்டோ எடுத்துக் கண்ணனுக்கு அனுப்பினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் கிளம்பி ரெண்டு கிலோமீட்டர் போவதற்குள் வாடை. ஆலங்குடியில் புகை. ஆறவைத்து, மெதுவாக உருட்டி, ஒரு வழியாகப் புதுக்கோட்டையில் எஃப்.சி. காட்டும் இடத்துக்குப் போய் வரிசையில் நின்றோம். வண்டிகளைச் சோதிக்கும் பிரேக் இன்ஸ்பெக்டர் எங்கள் காருக்கு வரவும், சைலன்சர் மறுபடியும் புகையவும் சரியாக இருந்தது.

அவர் பேப்பர்களைப் பார்த்தார். புகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஐயா, கொழாய்க்கு உள்ள இருந்து வர்ற பொகைக்கு சர்டிபிகேட் வச்சிருக்கீங்க. மேல இருந்து வர்ற பொகைக்கு?"

வரிசையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "உள்ள ஓட்டை இருந்து, அதை மறைக்கப் பெயிண்ட் அடிச்சிருக்கீங்களோ என்னமோ... எனக்கு எப்படித் தெரியும்? சுத்தமாத் தேய்ச்சு எடுத்துட்டு மூணு மணிக்குள்ள வாங்க. ஓட்டை இருந்தா கண்டிப்பா ஃபெயில்தான்."

அடிக்காமல் விட்டிருந்தால் அவர் குனிந்தே பார்த்திருக்க மாட்டார்! ரிட்டயர் ஆன அன்றைக்குத் தலைக்கு டை அடித்துக்கொண்டு ஆபீஸ் போனேன். அதுவரை என் வயசைக் கேட்காதவர்கள்கூட அன்றைக்குத்தான் கேட்டார்கள். மறைக்கப் போகிற இடத்தில்தான் ஊரே வந்து குனிந்து பார்க்கிறது.

பக்கத்தில் ஒரு பட்டறைக்குப் போனோம். மெக்கானிக் காரைத் தூக்கி நிறுத்தி, ஆறியதும் ஒரு மூலையில் சுரண்டிப் பார்த்தார். என் பெயிண்ட் பொக்குப் பொக்காக வந்தது. அதற்கடியில் அத்தானுடையது, வருஷத்துக்கு ஒன்றாக, ஒன்றன்மேல் ஒன்று.

"கீழ இருக்கிறது நல்ல வேலைங்க. யாரு அடிச்சா?" என்றார்.

"எங்க வீட்டுக்காரர்" என்றாள் அக்கா.

"மேல இருக்கிறது?"

நான் பக்கத்து டயரை அழுத்திப் பார்க்க ஆரம்பித்தேன்.

"இத மட்டும் தனியா எடுக்க முடியாதுங்க. தேய்ச்சா எல்லாமே சேர்ந்து வந்துரும். பரவால்லையா?"

எனக்குச் சுருக்கென்றது. அத்தான் கைபட்டது என்று அந்தக் காரில் வேறு என்ன மிச்சம்? அதையும் நான்தான் தொலைக்கிறேன். "அண்ணே, இதக் கழட்டிக் குடுத்துருங்க, வீட்டுக்குக் கொண்டு போயிடுறோம். புதுசு ஒண்ணு மாட்டிருவோம்" என்று உளறினேன்.

"வீட்டுக்குக் கொண்டு போயி? அவுக போட்டோவ எறக்கிட்டுச் சைலன்சருக்கு மாலை போடணுமா?" என்று அக்கா சீறினாள். அப்புறம் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அவுக அடிச்சது சும்மா வச்சுப் பாக்கவா? நான் ஓட்டணும்னுதானே அடிச்சாக. தேய்ங்க தம்பி" என்றவள், "இங்கிட்டு ஒரு உப்புத்தாள் குடுங்க" என்று கையை நீட்டினாள்.

அக்காவும் தேய்த்தாள். நானும் தேய்த்தேன். வெள்ளிப் பொடி தலையிலும் தோளிலும் கொட்டியது. எனக்கு அழுகை வந்தது. பெயிண்ட் தூசி என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டேன். எல்லாம் போனபிறகு வெறும் இரும்பு. கறுப்பாக, கெட்டியாக, ஒரு ஊசி நுழையும் ஓட்டைகூட இல்லாமல்.

ரெண்டே முக்காலுக்குத் திரும்பப் போய் நின்றோம். "யாரு ஓட்டுறது?" என்றார் இன்ஸ்பெக்டர். "நாந்தேன்" என்று அக்கா ஏறி உட்கார்ந்தாள். ஓட்டினாள், திருப்பினாள், அவர் கை காட்டிய இடத்தில் சடக்கென்று நிறுத்தினாள். அவர் குனிந்து சைலன்சரை ஸ்பேனரால் ரெண்டு தட்டுத் தட்டினார்.

"நல்லாத்தானே இருக்கு. இதுக்குப் போயி எதுக்குங்க பெயிண்ட்?" என்றபடியே பாஸ் போட்டுக் கையெழுத்தும் போட்டார்.

அக்கா அந்த இடத்தில் நின்று வானத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். சாமிக்கா, அத்தானுக்கா என்று நான் கேட்கவில்லை.

கேட்டைத் தாண்டும்போதே கண்ணனிடமிருந்து போன். ஸ்பீக்கரில் போட்டேன்.

"என்னம்மா ஆச்சு? சென்னைக்கு எப்ப வாரே?"

அக்கா கியரை மாற்றினாள். "அஞ்சு வருஷம் கழிச்சு வாரேன்டா, ரூமை ஒழிச்சு வையி!"