எட்டு நிமிஷ மேடம்

வெற்றுப் பக்கம் ஒன்று திரையில் வந்து நிற்கிறது. அவர் கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளிக்கொண்டு மேலிருந்து கீழ்வரை பார்க்கிறார். பிறகுதான் மவுஸைத் தட்டி, ‘பார்க்கப்பட்டது’ என்ற முத்திரையைக் குத்துகிறார். அடுத்ததும் வெற்றுப் பக்கம். அதையும் அப்படியே பார்க்கிறார். ஒன்றுமே எழுதாத தாளில் அப்படி என்னதான் இருக்குமோ, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுகிறார்.

கல்லூரி விடைத்தாள்களை இப்போது கணினித் திரையில்தான் திருத்துகிறோம். விடைப்புத்தகத்தின் முதுகை வெட்டி, தாள் தாளாக ஸ்கேன் செய்து அனுப்புகிறார்கள். ஒரு புத்தகத்துக்கு நான்கு நிமிடமாவது ஆகாமல் மென்பொருள் நம்மை விடாது. நான் நான்கரையில் முடித்துவிடுவேன். வெற்றுப் பக்கங்களை டக் டக்கென்று தட்டிக்கொண்டே போனால் முடியாதா என்ன? அவருக்கு மட்டும் எட்டு நிமிடம். மையத்தில் அவர் பெயரே எட்டு நிமிஷ மேடம்தான். அது அவர் காதுக்கும் எட்டியிருக்கிறது. “ஏழரைன்னு வைக்காம விட்டீங்களே, அதுவே பெரிய புண்ணியம்” என்று சிரித்தார்.

வயது ஐம்பத்தாறு. பாடம் இயற்பியல். கணவர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். செல்பேசியை வாசலில் ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்பதால், மதிய இடைவேளையில் ஓடிப்போய் வாங்கிப் பேசுவார். “துணி காஞ்சுதா? மடிக்கும்போது காலரை இழுத்து விடுங்க. எத்தனை தடவை சொல்றது?” பாவம் அந்த மனிதர் என்று நினைத்துக்கொள்வேன்.

கணினியோடு அவருக்குப் பகை என்று எண்ண வேண்டாம். மூட்டை மூட்டையாக வந்த விடைத்தாள்களுக்கு நடுவே தும்மித் தும்மித் திருத்தியவர் அவர். “கூட்டல் தப்பால எத்தனை பிள்ளைங்க ஃபெயிலாச்சு தெரியுமா சார்? இது கூட்டினா தப்பே வராது. மகராசனா இருக்கட்டும்” என்று திரையைத் துடைத்துவிட்டுத்தான் காலையில் உட்காருவார்.

திருத்தும் பணியின் கடைசி நாள் அது. மாலை ஐந்து மணிக்கு எல்லாம் மூடிவிடும். அந்த நேரத்தில் திரையில் திறந்திருக்கும் விடைத்தாள், இருக்கிற மதிப்பெண்ணோடு தானாகப் போய்ச் சேர்ந்துவிடும். நாலேகால் இருக்கும். பக்கத்து நாற்காலியிலிருந்து அவர் என் முழங்கையைத் தொட்டார்.

“சார், இங்க பாருங்க. முப்பத்தொம்பது, நாப்பது. திரும்பவும் முப்பத்தொம்பது, நாப்பது.”

கடைசித் தாள் வெறுமையாக இரண்டு முறை வந்திருந்தது. மூலையில் அச்சிட்ட பக்க எண்ணைப் பார்த்தால்தான் தெரியும். “தெரியாம ரெண்டு தடவை போயிருக்கும் மேடம், விடுங்க” என்றேன். அவர் அதைக் காதில் வாங்காமல் பின்னால் புரட்டிக்கொண்டே போனார். பதினைந்தாம் பக்கம் ஒரு பெரிய கேள்விக்கான விடையின் நடுவே, பாதி வாக்கியத்தில் நின்றது. அதற்கடுத்து வந்தது பதினெட்டு. பதினாறும் பதினேழும் இல்லை. இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டு ஒன்றாகப் போயிருக்கின்றன. நாற்பது பக்கம் கணக்கு வரவில்லை என்று இயந்திரம் நின்றிருக்கும். கணக்கைச் சரிக்கட்ட யாரோ கடைசி வெற்றுத் தாளை மறுபடி ஒருமுறை விட்டிருக்கிறார்கள்.

திரையின் வலப்பக்கத்தில் மொத்தம் முப்பத்தொன்று என்று நின்றது. தேற முப்பத்தைந்து வேண்டும்.

நான் போய் மையப் பொறுப்பாளரை அழைத்து வந்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், திரையை மட்டும் பார்க்கவில்லை.

“இருக்கிறதுக்கு மார்க் போட்டு அனுப்புங்க மேடம். இப்ப இதைக் கிளப்பினா மேலேருந்து என்னைத்தான் கேப்பாங்க. அந்தப் பிள்ளைக்குச் சந்தேகம் இருந்தா மறுகூட்டலுக்குப் போடட்டும்.”

“மறுகூட்டல்ல கூட்டத்தானே சார் செய்வாங்க? இல்லாத பக்கத்தை யாரு கூட்டுவாங்க?”

“மேடம், இன்னும் நாப்பது நிமிஷம்தான்.”

“எனக்கு எட்டு போதும். தாளைக் கொண்டு வரச் சொல்லுங்க.”

குரலை உயர்த்தவில்லை. நாற்காலியை விட்டு எழவும் இல்லை. பொறுப்பாளர் கையைப் பிசைந்துகொண்டு ஸ்கேன் அறைக்குப் போனார். மற்றவர்கள் ஒவ்வொருவராக வேலையை முடித்து எழுந்து, மேடத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கிளம்பினார்கள். நானும் என் கடைசித் தாளை அனுப்பியாயிற்று. போயிருக்கலாம். ஏனோ கால் நகரவில்லை. நாலரை. நாலே முக்கால். அவர் புடவைத் தலைப்பால் உள்ளங்கையைத் துடைத்தார், மவுஸைப் பிடித்தார், மறுபடி துடைத்தார். யாரென்றே தெரியாத ஒரு பிள்ளைக்காக ஸ்கேன் அறைக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

நாலு நாற்பத்தெட்டுக்குத் தாள் கிடைத்தது. வெட்டும் கத்தி அழுத்தியதில் இரண்டு தாள்களின் விளிம்பும் ஒட்டிக்கொண்டிருந்ததாம். பிரித்து, மறுபடி ஸ்கேன் செய்து ஏற்றினார்கள். திரையில் பதினாறாம் பக்கம் விரிந்தது. நெருக்கி நெருக்கி எழுதிய கையெழுத்து.

“போட்டு விடுங்க மேடம், நேரமாச்சு” என்றார் பொறுப்பாளர்.

மேடம் ஒவ்வொரு வரியாகப் படித்தார். கடைசி வரியில் நின்று, “விடை சரி. அலகை எழுதலையே கழுதை. அரை மார்க் போச்சு” என்றார். எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. பதினேழாம் பக்கத்தையும் அதே நிதானத்தோடு பார்த்தார். ஐந்தரை மதிப்பெண் சேர்ந்தது. மொத்தம் முப்பத்தாறரை. நாலு ஐம்பத்தாறுக்கு அனுப்பினார்.

பொறுப்பாளர் நெற்றியைத் துடைத்தார். “அப்பாடா. ஒரு வழியா முடிஞ்சுது” என்று சொல்லி என் தோளில் தட்டினார். நானும் சிரித்தேன்.

மேடம் சிரிக்கவில்லை. என் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு நான் திருத்தி அனுப்பிய விடைத்தாள்களின் எண்கள் அதில் வரிசையாக நின்றன, மொத்தம் நாற்பத்திரண்டு. ஐந்து மணிக்கு அந்தப் பட்டியலும் போய்விடும்; எண் தெரியாமல் எந்தத் தாளையும் மறுபடி தேடி எடுக்க முடியாது. நாற்பத்திரண்டும் அதே ஸ்கேன் அறையிலிருந்து வந்தவை.

“கடைசிப் பக்கமெல்லாம் பாத்தீங்களா சார்?”

நான் பட்டியலை மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். மணி நாலு ஐம்பத்தேழு. அவர் கைப்பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, வெள்ளைத்தாள் ஒன்றோடு என் விசைப்பலகையின் மேல் வைத்தார்.